காலிப்பரைப் பிரித்துக் கட்டுவது: ரப்பர் வளையமும் அதன் பின்னால் உள்ள பள்ளமும்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி கொண்டுபோகும் புகார் ஒன்று உண்டு. "அண்ணே, வண்டி ஒரு பக்கமா இழுக்குது, இந்த வீல் மட்டும் கொதிக்குது." அவர் ஜாக்கி வைத்துத் தூக்கி வீலைக் கையால் சுற்றிப் பார்ப்பார். சுற்றாது. "காலிப்பர் ஜாம் ஆயிருக்கு தம்பி. புதுசு போடுறியா, கிட் மாத்தலாமா?"

வீலோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை, பேட் என்ற இரண்டு உராய்வுக் கட்டைகளால் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பாகம்தான் காலிப்பர். கிட் என்பது அதன் பழைய ரப்பர்களுக்குப் பதிலாகப் போடும் புது ரப்பர்களின் தொகுப்பு. கிட்டை மாற்றும் வேலை எப்படிப்பட்டது, அதை வீட்டில் செய்ய முடியுமா என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டில் வரும் ரப்பரை மாற்றுவது இந்த வேலையில் சின்னப் பகுதிதான். அந்த ரப்பர் உட்காரும் பள்ளத்தைச் சுத்தம் செய்வதில்தான் வேலையே இருக்கிறது. கடற்காற்று வீசும் ஊர்களில் இது இரண்டு மடங்கு உண்மை. ஏன் என்று புரிய வேண்டுமானால், காலிப்பருக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெடலிலிருந்து பிஸ்டன் வரை

மூடிய இடத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் போய்ச் சேரும். பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சின்னப் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் காலிப்பரில் உள்ள பெரிய பிஸ்டனுக்குப் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலால் 20 கிலோ அளவுக்கு மிதிக்கிறீர்கள். பெடல் நெம்புகோலாக வேலை செய்து அதை 5 மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால் 100 கிலோ. மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மி.மீ., காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 50 மி.மீ. என்றால், பரப்பளவில் அது 6.25 மடங்கு பெரியது. ஆக, பிஸ்டன் பேடைத் தள்ளுவது 625 கிலோ விசையோடு. இடையில் பூஸ்டர் கூட்டிக் கொடுப்பது தனி. இவ்வளவு விசையைத் தாங்கியபடி ஒரு சொட்டும் கசியாமல் காப்பது, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் வளையம்.

நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் (வீலோடு சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக்). அந்த முன் காலிப்பர் பொதுவாக ஒற்றைப் பிஸ்டன் வகை. பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும். அதன் எதிர்விசையில் காலிப்பர் உடம்பே இரண்டு ஸ்லைடு பின்கள் மேல் நகர்ந்து, வெளிப்பக்கப் பேடை டிஸ்க்கின் மறுபக்கம் இழுத்து அழுத்தும். ஆகவே ஒரு காலிப்பரில் சுதந்திரமாக நகர வேண்டியவை இரண்டு: பிஸ்டன், ஸ்லைடு பின். ஜாம் என்ற ஒரே சொல்லில் இரண்டில் எது மாட்டினாலும் சொல்கிறோம். ஆனால் வைத்தியம் வேறு வேறு.

சரி, பெடலை விட்டதும் பிஸ்டன் எப்படிப் பின்னால் வருகிறது? டிரம் பிரேக்கில் அதற்கு ஸ்பிரிங் உண்டு. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டனை இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அந்த வேலையையும் அதே ரப்பர் வளையம்தான் செய்கிறது. எனக்கு இந்தக் காலிப்பரிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த வளையத்தின் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். அது காலிப்பரில் பிஸ்டன் நகரும் துளையின் சுவரில் வெட்டிய பள்ளத்துக்குள் உட்கார்ந்து, பிஸ்டனை இறுகப் பிடித்திருக்கும். பிஸ்டன் முன்னால் போகும்போது வளையத்தின் உள்விளிம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பள்ளத்தின் முன்விளிம்பைச் சாய்வாகச் செதுக்கியிருப்பதால் வளையம் சாய இடம் இருக்கிறது. பெடலை விட்டதும், காற்றில் சாய்ந்த நாணல் நிமிர்வது போல வளையம் நிமிரும். பிஸ்டனையும் தன்னோடு பின்னிழுக்கும். அந்தத் தூரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே உரசல் குறைய அதுவே போதும். பேட் தேயத் தேய, வளையம் சாய்கிற அளவைத் தாண்டிப் பிஸ்டன் கொஞ்சம் வழுக்கி முன்னேறி அங்கேயே நிற்கும். அதனால்தான் டிஸ்க் பிரேக்கை யாரும் டைட் வைக்கத் தேவையில்லை.

உப்பு எங்கே போய் உட்காருகிறது

வளையம் சாய்ந்து நிமிர்வதற்குப் பள்ளத்தில் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தைத் துரு எடுத்துக்கொள்வதுதான் கடலோர வண்டிகளின் கதை.

பிஸ்டனின் வாயில் ஒரு மெல்லிய ரப்பர் பூட் இருக்கும்; டஸ்ட் கவர் என்றும் சொல்வார்கள். அது கிழிந்தாலோ விளிம்பில் விலகினாலோ ஈரமும் தூசும் உள்ளே போகும். கடற்கரைச் சாலையிலும் ஈ.சி.ஆரிலும் தேவனாம்பட்டினத்திலும் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அந்த ஈரத்தில் உப்பும் சேர்கிறது. சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். நம் கரையோரத்தில் இரவில் அந்த ஈரப்பதம் சாதாரணம். மழை பெய்யாத மாதத்திலும் காலிப்பரில் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். வார்ப்பிரும்புக் காலிப்பர் என்றால் செம்பழுப்புத் துரு. அலுமினியம் என்றால் வெள்ளைப் பொடி. இரண்டும் மூல உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பவை. பள்ளத்தின் விளிம்பில் அவை வளர்ந்தால் ரப்பரைப் பின்னாலிருந்து பிஸ்டன் மேல் நெருக்கும். பிஸ்டன் முன்னால் போகும், ஏனென்றால் தள்ளுவது நூற்றுக்கணக்கான கிலோ விசை. திரும்பி வராது, ஏனென்றால் இழுப்பது ரப்பரின் சின்ன முறுக்கு மட்டுமே.

வெள்ளம் இன்னும் மோசம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, நகரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தெருவில் நின்ற கார்களின் வீல்கள் சேற்றுநீரில் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் இன்ஜினைக் கவனிப்பார்கள், சீட்டை வெயிலில் காய வைப்பார்கள். பிரேக்கை யாரும் நினைப்பதில்லை. அப்படி நனைந்து, பிறகு வாரக்கணக்கில் ஓட்டாமல் நின்ற வண்டியில் பிஸ்டனும் பின்னும் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு மிக அதிகம்.

துரு வெளியிலிருந்து வருவது ஒருபக்கம். உள்ளிருந்தும் வரும். டாட் 3, டாட் 4 என்ற தர வகைப் பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அது 155 வரை இறங்கலாம். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். தேநீர் நிறத்துக்குக் கறுத்த பிரேக் ஆயிலோடு ஓடும் வண்டியில், புதுக் கிட் போட்டும் நெடுநாள் நிற்காது.

பிரிக்கும் முன் நோயைக் கண்டுபிடிக்க

பிரேக் போடாமல் போகும்போதே வண்டி இடது பக்கம் இழுத்தால், இடது வீல் விடாமல் பிடித்திருக்கிறது. பிரேக் போடும்போது மட்டும் இடது பக்கம் இழுத்தால், சந்தேகம் வலது பக்கம் போக வேண்டும். அங்கே சரியாகப் பிடிக்கவில்லை. டயர் காற்றையும் அலைன்மென்டையும் முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும்.

வீல் சுற்றவில்லை என்றால் ஒரு எளிய சோதனை இருக்கிறது. பெடலை ஒருமுறை மிதித்து விட்டபின், காலிப்பரின் நிப்பிளை (உள்ளே உள்ள ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி உடனே வீல் இலகுவாகிவிட்டால் காலிப்பர் குற்றவாளி அல்ல. உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது, பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்சுவர் உப்பி வழியை அடைத்திருக்கும். நிப்பிளைத் திறந்தும் வீல் இறுகியே இருந்தால் பிஸ்டன் அல்லது பின். இந்தச் சோதனையைச் செய்யாமல் நல்ல காலிப்பரைப் பிரித்துக் கட்டிவிட்டு, அதே நோயோடு திரும்பி ஓட்டுகிறவர்கள் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேட் மாற்றிய சில நாட்களிலேயே ஜாம் ஆனால் பேடைத் திட்ட வேண்டாம். பழைய பேட் தேய்ந்திருந்தபோது பிஸ்டன் வெளியே நீண்டிருந்தது. அந்தப் பகுதி கிழிந்த பூட்டுக்குள் துருவேறியிருந்தது. புதுப் பேடுக்கு இடம் விடப் பிஸ்டனை உள்ளே அழுத்தியபோது, அந்தத் துருப் பகுதி நேராக ரப்பர் வளையத்துக்குள் போய்விட்டது.

யார் இதை வீட்டில் செய்யலாம்? பேட் மாற்றிப் பழகியவர், முன்பக்க ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரோடு தொடங்கலாம். முதல்முறை, தெரிந்த மெக்கானிக் ஒருவர் அருகில் இருப்பது அவசியம் என்றே சொல்வேன். வண்டியை நிறுத்தும் பாகத்தில் அரைகுறை வேலைக்கு இடமில்லை. பின்பக்கமும் டிஸ்க் உள்ள கார்களில், ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருந்தால் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே விட வேண்டும். அழுத்தினால் உள்ளே உள்ள பொறி உடையும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் தொடவே வேண்டாம்.

வேலை

கடலோரத் தெருக்களில் தரை மணலாக இருக்கும். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வைக்காவிட்டால் புதைந்து சாயும். தூக்கியபின் வண்டியைத் தாங்க வேண்டியது ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது. மற்ற வீல்களுக்குக் கட்டை கொடுங்கள். இரண்டு பக்கக் காலிப்பரையும் செய்வது நல்லது, ஆனால் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒன்று முழுசாக இருந்தால் எது எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

கழற்றுவதற்கு முந்தின நாளே நிப்பிளின் வெளி மரையில் துரு இளக்கும் ஆயில் விட்டு வையுங்கள். மறுநாள் முதல் வேலை நிப்பிளை இளக்கிப் பார்ப்பது. ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும்; ரிங் ஸ்பேனர் வேண்டும். நிப்பிள் உடைந்தால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அது காலிப்பர் வண்டியிலேயே இருக்கும்போது தெரிவது நல்லது.

காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்க விடாதீர்கள். கம்பியால் கட்டி நிறுத்துங்கள். பேடுகளை எடுத்துவிட்டு, பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, உள்ளே ஒருவரை மெதுவாகப் பெடல் மிதிக்கச் சொன்னால் பிஸ்டன் கட்டை வரை நகர்ந்து வரும். பிறகு கையால் எடுத்துவிடலாம். பட்டறையில் கம்ப்ரசர் காற்றடித்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அது வேண்டாம். பிஸ்டன் திடீரென்று எகிறினால் விரல் நசுங்கும். ஹோஸைக் கழற்றும்போது பெடலைக் கொஞ்சம் அழுத்தி ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்து வைத்தால், மாஸ்டர் சிலிண்டரின் வழி அடைபட்டு, அதற்கு மேல் உள்ள பிரேக் ஆயில் டேங்க் முழுவதும் ஒழுகாது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். ஆயில் பெயின்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட் உரிந்துவிடும்.

இனி அந்தப் பள்ளம். பழைய வளையத்தைப் பிளாஸ்டிக் அல்லது மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள். ஸ்குரூடிரைவர் கீறிவிடும். வளையம் வந்ததும் பள்ளம் சுத்தமாக இருப்பது போலத்தான் தோன்றும். டார்ச் அடித்து, குச்சி முனையால் மூலைகளில் சுரண்டிப் பாருங்கள். கெட்டியான பொருக்கு உதிரும். நைலான் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், மூங்கில் குச்சி, பிரேக் கிளீனர் இவ்வளவு போதும். பள்ளத்தின் சாய்வு விளிம்பு மழுங்கக் கூடாது என்பதால் அங்கே உப்புத்தாள் வேண்டாம். பூட் உட்காரும் வெளிப் பள்ளத்துக்கும் இதே கவனிப்பு வேண்டும். துரு மறுபடி நுழைவது அந்த வழியாகத்தான். இதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் செய்த வேலை அடுத்த மழைக்காலம் வரைகூட வராது.

துளையின் சுவரில் லேசான துருக்கறை இருந்தால் கவலைப்பட வேண்டாம். டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டரில் (அங்கே பிஸ்டன் நகரும் சிலிண்டர்) ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து நகர்வதால், சிலிண்டர் சுவர் வழவழப்பாக இருந்தாக வேண்டும். இங்கே வளையம் சுவரில் நிற்கிறது, பிஸ்டன் நகர்கிறது. ஆகவே ஆயிலை அடைப்பது பிஸ்டனின் மேற்பரப்பு. அதன் குரோம் பூச்சில் நகம் தடுக்கும் அளவுக்குக் குழி இருந்தால் பிஸ்டனை மாற்றுங்கள். தேய்த்துச் சரிசெய்ய முடியாது. காலிப்பர் உடம்பில் விரிசல், அல்லது பள்ளமே அரித்துப்போன நிலை என்றால் புதுக் காலிப்பர்தான்.

கழுவப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் கூடாது. பட்டறைகளில் பல காலமாக இருக்கும் பழக்கம் இது. தயவுசெய்து இந்த வேலையில் விட்டுவிடுங்கள். பிரேக் ரப்பர் கிளைக்கால் வகை ஆயிலுக்கு ஏற்றது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப்போகும். சாதாரண கிரீஸுக்கும் இதே தடை. பிஸ்டனுக்கும் வளையத்துக்கும் புதுப் பிரேக் ஆயிலைத் தடவுங்கள். ஸ்லைடு பின்னுக்குப் பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ். பின் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. சில வண்டிகளில் ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். இடம் மாற்றிப் போடாதீர்கள்.

வளையம் மாட்டும் முன் ஒரு சோதனை. வெறும் துளைக்குள் பிஸ்டனை விட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். பிறகு வளையத்தைப் பள்ளத்தில் முறுக்கு இல்லாமல் உட்கார வைத்து, பிஸ்டனை நேராகப் பிடித்து இரண்டு கட்டை விரலால் அழுத்துங்கள். ஒரே சீராக இறங்கினால் பள்ளம் சுத்தம். கிளாம்ப் தேடும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் உள்ளே இன்னும் பொருக்கு இருக்கிறது. வளையத்தை எடுத்து மறுபடி சுரண்டுங்கள். சுத்தியல் பக்கம் போகவே கூடாது.

திரும்ப மாட்டும்போது பேட் நிற்கும் பிராக்கெட்டையும் விட்டுவிடாதீர்கள். எஃகு கிளிப்புகளுக்கு அடியில் துரு வளர்ந்து பேடை நெருக்கும். ஹோஸ் போல்டுக்குப் புதுச் செப்பு வாஷர் போடுங்கள். எந்தப் போல்டை எவ்வளவு இறுக்குவது என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் அந்த அளவுக்கு இறுக்குங்கள். மாட்டி முடித்ததும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் இடது, வலது மாறிவிட்டது. காற்று வெளியேறவே வழி இருக்காது.

அடுத்து ஏர் எடுக்க வேண்டும், அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை, கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடிக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும் வரை தொடருங்கள், இடையிடையே டேங்கில் ஆயில் ஊற்றுங்கள். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாமல் அடியில் ஒரு கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் இதுவரை பயன்படாத பகுதியின் துரு, அதன் ரப்பரைக் கிழித்துவிடும். டேங்க் காலியாகி, வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்று புகுந்தால், சில வண்டிகளில் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும். பெடல் பொதபொதவென்று இறங்கினால் காற்று இன்னும் இருக்கிறது.

வண்டியை நகர்த்தும் முன், நிறுத்திய நிலையிலேயே பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளிய நிலையில் இருப்பதால் முதல் மிதிப்பில் பிரேக் பிடிக்காது. பிறகு ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கொஞ்ச தூரம் போய் வந்ததும் இரண்டு முன் வீல்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள், டிஸ்க்கைத் தொடாமல் கையை அருகில் வைத்து. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்த ஒரு வாரம் காலையில் வண்டி எடுக்கும் முன், வீலின் உள்பக்கமும் ஹோஸ் போல்டும் ஈரமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பேட் தேயத் தேய டேங்கில் ஆயில் மட்டம் மாதக்கணக்கில் மெல்ல இறங்குவது இயல்பு. ஒரு வாரத்துக்குள் இறங்கினால் எங்கோ கசிகிறது. கண்டுபிடிக்கும் வரை அந்த வண்டியைத் தெருவில் இறக்க வேண்டாம்.